ரான்சியேர்: கலை எதற்காக அவருக்குத் தேவைப்பட்டது

பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் ரான்சியேரைப் படிக்க விரும்புகிறவர்களின் கையில் முதலில் அகப்படுவது, 2000இல் வெளிவந்த 'புலன்வெளியின் பங்கீடு'. சிறிய நூல். கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வடிவில் இருப்பது. எது கலை என்று அடையாளம் காணும் மூன்று வழிகளை, அதாவது மூன்று கலைமுறைமைகளை, வரிசையாக விளக்கிவிடும். அதைப் படித்து முடித்ததும் பலரும் இவரைக் கலைக்கோட்பாட்டாளர் என்று ஒரு பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். இவருக்குள் நுழைய அது நல்ல வாசல் அல்ல. கலை அவருக்குத் தனிப் பாடமாக இருந்ததே இல்லை. யாருக்கு எதற்கு நேரம் உண்டு, யார் பேசினால் பேச்சாகக் கேட்கிறது, யார் பேசினால் வெறும் சத்தமாகப் போகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அதைத் துரத்திக்கொண்டு போன வழியில்தான் கலையும் வந்து சேர்ந்தது. அந்த வழி தெரிந்தால்தான் முறைமைகளெல்லாம் எதற்கு என்பது விளங்கும்.

1940இல் அல்ஜியர்ஸில் பிறந்தவர். பாரிஸில் மார்க்சியத் தத்துவவாதி அல்தூசரின் மாணவர். மார்க்ஸின் மூலதனம் பற்றி அல்தூசர் வட்டம் 1965இல் கொண்டுவந்த கூட்டுநூலில் இவருடைய கட்டுரையும் உண்டு. பிரான்ஸில் மாணவர்களும் தொழிலாளர்களும் நடத்திய 1968 மே எழுச்சிக்குப் பிறகு ஆசிரியரிடமிருந்து விலகினார். 1974இல் அவரை மறுத்து ஒரு நூலே எழுதினார். உழைக்கிறவருக்குத் தம் நிலைமை தெரியாது, அறிந்தவர் வந்துதான் விளக்க வேண்டும் என்ற நினைப்பை ரான்சியேரால் ஏற்க முடியவில்லை. ஆகவே தொழிலாளர்கள் தாங்களே என்ன எழுதி வைத்தார்கள் என்று தேடி ஆவணக்காப்பகங்களுக்குப் போனார்.

1830களிலும் 40களிலும் பிரான்ஸின் தச்சர்களும் தையல்காரர்களும் செருப்புத் தைப்பவர்களும் எழுதிய கடிதங்கள், கவிதைகள், பத்திரிகைகள் அங்கே கிடைத்தன. அவற்றில் தொழிலின் பெருமையும் வர்க்கக் கோபமும் மட்டுமே இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் அவர்கள் மேட்டுக்குடிக் கவிஞர்களின் நடையில் கவிதை எழுத முயன்றிருக்கிறார்கள். பகலில் உழைத்து, இரவில் தூங்கி, மறுநாள் வேலைக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டியவர்கள் அந்தத் தூக்கத்தை விட்டுக்கொடுத்துப் படித்தார்கள், விவாதித்தார்கள், எழுதினார்கள். 1981இல் வந்த 'பாட்டாளிகளின் இரவு' இதைப் பற்றியது. அவருடைய நூல்களில் எது முதன்மையானது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

லூயி கப்ரியேல் கோனி என்ற தச்சர் அந்த ஆவணங்களில் வருகிறார். 1848 புரட்சியின்போது ஒரு தொழிலாளர் பத்திரிகையில் வெளியான அவருடைய கட்டுரை ஒன்றுக்கு ரான்சியேர் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறார். ஒரு பணக்கார வீட்டில் தரைக்குப் பலகை பதிக்கும் தொழிலாளியின் நாள் அதில் விவரிக்கப்படுகிறது. செய்த வேலைக்குக் கூலி என்பதால் மேற்பார்வையாளர் பின்னால் நிற்பதில்லை. வேலை முடியும்வரை அது தன் வீடு என்பதுபோல் அறையின் அமைப்பை அவர் ரசிக்கிறார். ஜன்னலுக்கு வெளியே தோட்டமோ தொலைவான காட்சியோ தெரிந்தால், கையைச் சற்று நிறுத்திவிட்டு வீட்டுக்காரரைவிட நன்றாக அதை அனுபவிக்கிறார்.

கூலி உயரவில்லை, வீடு அவருடையதாகவும் ஆகவில்லை. சுரண்டல் அப்படியே இருக்கிறது. ஆனாலும் ஒன்று அறுந்திருக்கிறது. கை எங்கே வேலை செய்கிறதோ அங்கேதான் கண்ணும் இருக்க வேண்டும் என்பது விதி. பிளேட்டோவின் 'குடியர'சில் கைவினைஞருக்கு இடப்பட்ட கட்டளை அது: வேலை காத்திருக்காது, ஆகையால் தன் தொழிலைத் தவிர வேறெதற்கும் அவருக்கு நேரமில்லை, உள்ளத்தில் கடவுள் கலந்த உலோகமும் பொன் அல்ல, இரும்பு. கவிஞர்களைப் பிளேட்டோ வெளியேற்றுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. நடித்துக் காட்டுகிறவர் ஒரே நேரத்தில் இருவராக இருக்கிறார். ஒருவருக்கு ஒரே தொழில் என்ற நகரத்தில் அதற்கு இடமில்லை. எந்த உடல் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதைப் பார்க்கவும் சொல்லவும் தகுதியுடையது என்ற இந்த ஒதுக்கீட்டுக்குத்தான் ரான்சியேர் புலன்வெளியின் பங்கீடு என்று பெயர் வைத்தார். தச்சரின் கண் கையைவிட்டு ஜன்னலுக்குப் போன கணத்தில் அந்தப் பங்கீடு குலைகிறது.

இங்கே ஒரு பெரிய சண்டை இருக்கிறது. அதைத் தவறவிட்டால் ரான்சியேரின் நிலைப்பாடு வெறும் கலைப்பற்றாகத்தான் தெரியும். அரண்மனை அழகாக இருக்கிறதா என்று கேட்டால், அது யாருக்குச் சொந்தம், யாருடைய வேர்வையில் எழுந்தது என்பதையெல்லாம் ஒதுக்கிவைத்து அதன் வடிவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் 1790இல் எழுதினார். சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் இதைக் கடுமையாகத் தாக்கினார்: பற்றற்ற பார்வை என்பது வயிறு நிறைந்தவரின் சொகுசு, ரசனை வர்க்கத்தின் முத்திரை. கேட்டதும் பூர்தியூ பக்கம் சாயத்தான் தோன்றும். ரான்சியேரோ தச்சரைச் சாட்சிக்கு அழைக்கிறார். தன் உழைப்பையும் வீட்டின் உடைமையையும் ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்து, காண்ட் சொன்னபடியே பார்க்கிறவர் அந்தத் தொழிலாளிதான். அவருக்கு அது ஏமாற்று இல்லை. தொழிலாளி என்ற அடையாளத்துக்குள் ஒதுக்கப்பட்ட பார்வையிலிருந்து வெளியே வரும் வழி. 'உன் ரசனை உன் வர்க்கத்துக்கு உரியதே' என்று நிரூபிக்கிற சமூகவியல், பிளேட்டோவின் கட்டளையை வேறு குரலில் திரும்பச் சொல்கிறது என்பது 1983இல் வந்த 'தத்துவவாதியும் அவருடைய ஏழைகளும்' நூலின் வாதம். புள்ளிவிவரத்தில் பூர்தியூ சரியாக இருக்கலாம். ஆனால் புள்ளிவிவரத்தில் விழாத அந்தக் கணத்தை விளக்க அவரிடம் கருவி இல்லை. இந்த இடத்தில் நான் ரான்சியேர் பக்கம்.

இனி மூன்று முறைமைகள். முதலாவது, படிமங்களின் அற முறைமை: இந்த உருவம் எங்கிருந்து வந்தது, பார்ப்பவரின் நடத்தைக்கு நல்லதா கெட்டதா என்பதே கேள்வி. பிளேட்டோ இங்கே. இரண்டாவது, சித்தரிப்பு முறைமை: அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' தொடங்கி, பிரெஞ்சு செவ்வியல் காலத்தில் உச்சம் கண்டது. செயல்களைக் காரணகாரியமாகக் கோக்கும் கதை இதில் முதன்மை பெறுகிறது. அரசர்களுக்குத் துன்பியல், எளியவர்களுக்கு இன்பியல் என்று பொருளுக்கேற்ற வகை, வகைக்கேற்ற மொழி. சமூகத்தின் அடுக்கும் கலையின் அடுக்கும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. மூன்றாவது, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான அழகியல் முறைமை. எந்தப் பொருளும் எந்த நடையிலும் வரலாம். கலையைக் கலையாக்குவது விதிகள் அல்ல, அது தரும் தனிவகைப் புலன் அனுபவம்.

1793இல் பாரிஸின் லூவர் அரண்மனை அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். கோயிலுக்கும் அரசனுக்கும் செய்த உருவங்கள் அந்தக் கடமையை இழந்து, யாரும் வந்து பார்க்கும் பொருள்களாக ஒரே சுவரில் தொங்குகின்றன. வத்திக்கானில் இருக்கும் 'பெல்வெடேர் டோர்சோ' என்ற பழஞ்சிலைக்குத் தலையில்லை, கையில்லை, கால் பாதிதான். செயல் புரிய உறுப்பே இல்லாத அந்த உடலை 1764இல் கலை வரலாற்றாசிரியர் விங்கெல்மான் கலையின் சிகரமாகப் போற்றினார். செயலைச் சித்தரிப்பதே கலை என்ற இலக்கணம் அங்கேயே ஆட்டம் காண்கிறது. அதேபோல் தத்துவவாதி ஹெகல், ஸ்பானிய ஓவியர் முரில்லோ தீட்டிய தெருப்பிள்ளைகளைப் பார்த்து, எதைப் பற்றியும் கவலைப்படாத அந்த இருப்பில் கிரேக்கத்து ஒலிம்பஸ் தேவர்களின் சாயலைக் கண்டார். பிச்சைக்காரச் சிறுவனும் கடவுளும் ஒரே தரத்தில் நிற்கிறார்கள்.

இதைப் பயன்படுத்தும்போது இரண்டு பிழைகள் வழக்கமாக வருகின்றன. ஒன்று, மூன்றையும் வரலாற்றுக் கட்டங்களாக எடுத்துக்கொள்வது. புதிய முறைமை வந்ததும் பழையது ஒழிந்துவிடுவதில்லை. ஒரு திரைப்படம் சமூகத்தைக் கெடுக்கும் என்று தடைகேட்கும்போது அற முறைமை பேசுகிறது. கதையில் காரணகாரியம் சரியில்லை என்று விமர்சகர் எழுதும்போது சித்தரிப்பு முறைமை பேசுகிறது. இரண்டும் ஒரே படத்தின் மேல், ஒரே நாளில் நடக்கும். மற்றொரு பிழை, அழகியல் முறைமையை நவீனத்துவம் என்று மொழிபெயர்த்துக்கொள்வது. ஓவியம் வண்ணத்துக்கும் தட்டைப் பரப்புக்கும் திரும்பியது, கலை தன்னாட்சி பெற்றது என்ற கதையை ரான்சியேர் ஏற்பதில்லை. கலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவிலிருந்த எல்லை மங்கியதுதான் இந்த முறைமையின் இயல்பு. சுவரொட்டியும் நாற்காலியும் சர்க்கஸ் சாகசமும் அதில் அடக்கம்.

சோதித்துப் பார்க்க ஓர் எளிய இடம், பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் 'எளிய உள்ளம்' கதையில் வரும் காற்றழுத்தமானி. பழைய பியானோவின் மேல் தொங்குகிறது. கதையில் அதற்கு வேலை எதுவும் இல்லை. 1968இல் விமர்சகர் ரோலான் பார்த், 'நான் நிஜம்' என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு பணி இல்லை என்று விளக்கினார். கதைக்கு உதவாத பொருள் உபரி என்று எண்ணுவதே பழைய இலக்கணத்தின் மிச்சம் என்பது ரான்சியேரின் மறுப்பு. கதையின் நாயகி வேலைக்காரி ஃபெலிசித்தே. பெரிய செயல்கள் பெரிய மனிதருக்கு, சின்ன வாழ்க்கைக்கு வெறும் அன்றாடம் என்ற பிரிவினை அழிந்தபோது, செயலின் இடத்தை மழையும் பகலும் பொருள்களும் உணர்ச்சிகளும் ஒரே எடையில் பிடித்துக்கொண்டன. இதைத்தான் அக்காலப் பழமைவாத விமர்சகர்கள் ஃப்ளோபேரின் நாவலான 'மதாம் பொவாரி'யில் கண்டு, இலக்கியத்தில் ஜனநாயகம் புகுந்துவிட்டது என்று திட்டினார்கள். ஃப்ளோபேர் ஜனநாயகவாதி அல்லர். ஆசிரியரின் அரசியலும் எழுத்தின் அரசியலும் வேறு வேறாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

அரசியல் கலை என்ற பெயரில் செய்யப்படுபவற்றோடு ரான்சியேருக்கு இருக்கும் பிணக்கும் இங்கிருந்தே வருகிறது. அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ரோஸ்லர் வியட்நாம் போர்க்காலத்தில் செய்த படத்தொகுப்புகளில் ஒன்று: பளிச்சென்ற அமெரிக்க வீட்டுக்குள், குழந்தையைக் கைகளில் ஏந்திய வியட்நாமியர் நிற்கிறார். பார்ப்பவருக்கு மறைந்திருக்கும் உண்மை தெரியும், தெரிந்ததும் குற்ற உணர்வு வரும், அது போராட்டமாகும் என்பது கணக்கு. கணக்கின் ஒவ்வொரு கண்ணியும் நம்பிக்கையில் நிற்கிறது. இணைத்த முரண் போருக்கு எதிராகத் திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஏற்கெனவே எதிர்ப்பில் இருப்பவருக்கே அது பேசும். இதற்கு மாற்றாக அவர் காட்டும் ஒன்று, பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் சோஃபி ரிஸ்டெல்யூபர் எடுத்த பாலஸ்தீனப் படங்கள். எல்லோரும் படம்பிடிக்கும், இஸ்ரேல் எழுப்பிய பெருஞ்சுவரை விட்டுவிட்டு, சிறு சாலைகளை மறித்துக் கொட்டிய கற்குவியல்களை மேலிருந்து எடுத்தார். நிலத்தோடு கலந்து, இயற்கையான சரிவுபோல் தெரிகின்றன. ஆத்திரத்தைக் கிளப்புவதற்குப் பதில் கண்ணைக் கூர்ந்து பார்க்க வைக்கிறது. பலன் என்ன என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மையை ஏற்கிற கலையைத்தான் அவர் மதிக்கிறார்.

போர்ச்சுகீசிய இயக்குநர் பெத்ரோ கோஸ்தாவின் 2006 திரைப்படத்தில் வரும் காட்சியும் அவருக்குப் பிடித்தமானது. ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வெர்டேயிலிருந்து லிஸ்பனுக்கு வந்த கொத்தனார் வெந்துரா, குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் ரூபன்ஸின் ஓவியத்துக்கு அருகில் நிற்கிறார். அந்தக் கட்டடம் எழுந்தபோது அங்கே வேலை செய்தவர். காவலாளி அவரை மெதுவாக வெளியே அனுப்புகிறார். இதை ஏழை விரட்டப்பட்ட காட்சி என்று மட்டும் படித்தால் பாதி போய்விடும். வெந்துராவின் முகத்தையும் அவர் வாழும் சேரிச் சுவர்களின் நிறங்களையும் கோஸ்தா அந்த ஓவியத்துக்குச் சமமான செழுமையோடு படமாக்குகிறார். துயரத்தை அழகாக்கிவிட்டார் என்ற குற்றச்சாட்டு உடனே எழும். ஏழைக்கு உரியது துயரம் மட்டும், அழகு அல்ல என்ற ஒதுக்கீடு அந்தக் குற்றச்சாட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பதே ரான்சியேரின் பதில்.

குறை இல்லாமல் இல்லை. அருங்காட்சியகத்துக்கு யார் பணம் தருகிறார்கள், கலைச்சந்தை எதை உயர்த்தி எதை மறைக்கிறது என்பவை பற்றி அவர் மிகக் குறைவாகவே பேசுகிறார். கோனி எழுதினார், ஆவணம் தப்பித்தது. எழுதாமல் போன தச்சர்களின் பார்வையைப் பற்றி இந்த முறையால் எதுவும் சொல்ல முடியாது. அழகியல் முறைமையும் மிக அகலமானது. 250 ஆண்டுக் கலையை ஒரே கூரைக்குள் கொண்டுவரும்போது அதற்குள் இருக்கும் பகைகள் மங்கிவிடுகின்றன. இவை என் கணிப்பில் உண்மையான குறைகள். சுரண்டலை மறந்துவிட்டார் என்ற பொதுவான குற்றச்சாட்டில் மட்டும் நியாயம் இல்லை.

படிக்கத் தொடங்குகிறவருக்கு: 'பாட்டாளிகளின் இர'வின் முதல் அத்தியாயங்கள் முதலில். பிறகு 1987இல் வந்த 'அறியா ஆசிரியர்'. 1818இல், இன்றைய பெல்ஜியத்தின் லூவேன் நகரில், தனக்குத் தெரியாத ஃப்ளெமிஷ் மொழி மட்டுமே பேசிய மாணவர்களுக்கு இருமொழிப் பதிப்பு ஒன்றைக் கையில் கொடுத்துப் பிரெஞ்சு கற்கவைத்த ழோசெஃப் ழக்கோட்டோவின் கதை. ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது பொருளாகப் புத்தகம் இருந்ததைப் பார்த்த பின், 2008இல் வந்த 'விடுதலை பெற்ற பார்வையாளர்' எளிதாகத் திறக்கும். அந்தப் புத்தகத்தின் இடத்தில் அங்கே நாடகம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்து பார்ப்பதும் ஒப்பிடுகிற, தேர்ந்தெடுக்கிற, பொருள்கொள்கிற செயல்தான். முறைமைகள் பற்றிய சிறுநூல் அதற்கு அடுத்து. 2011இல் வந்த 'ஐஸ்தேசிஸ்' கடைசியாக. அதில் 14 காட்சிகள், வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. பேசப்படும் சிலையின் அல்லது ஓவியத்தின் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, முதலில் அதைப் பார்த்துவிட்டு, பிறகு அந்த அத்தியாயத்துக்குப் போங்கள்.