தேறிய பிள்ளைக்கு லட்டு கிடையாது

எண்பதுகளில் மதுரை மாவட்டத்துக் கிராமங்களில் ஊட்டச்சத்து மேற்பார்வையாளராக வேலை பார்த்தேன். தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று பெயர், உலக வங்கிப் பணம். 1980இல் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் சோதனையாகத் தொடங்கி அப்புறம் ஆறு மாவட்டங்களுக்குப் போனது. வெளிநாட்டு உதவி என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் இனாம் ஒன்றும் இல்லை, 3.2 கோடி டாலர் கடன், நீண்ட தவணையில் இந்தியாவே திருப்பிக் கட்டவேண்டியது. அதனாலேயே அந்தக் காசு எங்கே போகிறது என்பதில் எனக்கு எப்போதும் கூடுதல் அக்கறை இருந்தது.

திட்டத்தின் குறி ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அது இரண்டு வயதுக்கு மேல்தான் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. பிள்ளை மெலிவதோ அதற்கு முன்னாலேயே, தாய்ப்பால் மட்டும் போதாமல் போய், அம்மா திரும்ப வயல் வேலைக்குப் போகத் தொடங்கும் அந்த மாதங்களில். நடக்கத் தெரியாத பிள்ளை சத்துணவுக் கூடத்துக்கு எப்படி வரும்?

மாதாமாதம் எடை போடுவதுதான் எங்கள் முதல் வேலை. ஆரம்பத்தில் பல தாய்மார் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளையைத் தராசில் நிறுத்தினால் கண் பட்டுவிடும், செவ்வாய் வெள்ளி வேண்டாம் என்பார்கள். சரி என்று நாளை மாற்றிக்கொண்டு போவோம். ஒரு பையன் நினைவில் இருக்கிறான், பதினோரு மாதம், 6.2 கிலோ. அம்மாவுக்கு எந்தக் கவலையும் இல்லை, "நல்லாத்தானே வெளையாடுறான்" என்றார். மாதாமாத எடையைப் புள்ளி வைத்துக் கோடாக இழுக்கும் அட்டையில் பார்த்தால் கடலை பிடுங்கும் வேலைக்கு அவர் போகத் தொடங்கியதிலிருந்து கோடு ஏறவே இல்லை, படுத்துக் கிடக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்ததும் விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. எத்தனை கூட்டம் போட்டுப் பேசினாலும் இது நடக்காது, தன் பிள்ளையின் கோட்டைத் தாயே பார்க்க வேண்டும்.

எடை ஒழுங்காகக் கூடாத பிள்ளைக்கு மட்டும்தான் உணவு. தானியமும் பருப்பும் வறுத்து அரைத்து வெல்லம் சேர்த்துப் பிடித்த லட்டு, 90 நாள் கொடுப்போம். சில ஊர்களில் மாதர் சங்கத்துப் பெண்களே பிடித்துக் கொடுத்தார்கள். ஊரிலிருந்த எங்கள் ஊட்டச்சத்து மையத்தில் வைத்துத்தான் ஊட்டவேண்டும், வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் அண்ணன், அக்கா, பாட்டி என்று பங்கு போய்விடும். அதனால் தாய்மார் வேலைக்குக் கிளம்பும் முன் விடியக்காலையிலேயே மையம் திறந்தாகவேண்டும்.

90 நாளில் எடை ஏறிவிட்டால் லட்டு நிற்கும். இங்கேதான் சண்டை வரும். "ஏன் டீச்சர், தேறுனா நிப்பாட்டிருவீகளா? அப்ப எம்புள்ள எளச்சே கெடக்கணுமா?" என்று ஒருத்தர் வாசலில் நின்று கேட்டார், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அன்றைக்கும் லட்டு உண்டு. நியாயமான கேள்வி. எல்லாருக்கும் கொடுத்தால் இந்தப் பணத்தில் எத்தனை ஊருக்குப் போய்ச் சேரமுடியும் என்பது திட்டம் வகுத்தவர்களின் கணக்கு, அதுவும் சரிதான். ஆனால் கூலி இல்லாத மாதத்தில் அந்த வீட்டில் பொட்டுக்கடலை வாங்கக் காசு இருக்காது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கேழ்வரகிலும் கடலையிலும் அதே மாவை வீட்டில் எப்படிச் செய்வது என்று செய்து காட்டினோம், முடிந்தவர்கள் செய்தார்கள்.

இந்த இடத்தில்தான் ஊர்ப் பணியாளர்கள் முக்கியம். அந்தந்த ஊர்ப் பெண்கள், சுமார் 1,500 பேருக்கு ஒருவர், அப்படிப் பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர். ஏழை வீட்டுப் பெண்ணாக இருக்கவேண்டும், ஆனால் தன் பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கவேண்டும் என்று பார்த்து எடுத்தார்கள். என் பார்வையில் அந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த முடிவு அதுதான். அதே தெரு, அதே கூலி, அவள் பிள்ளை மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும், அவள் சொன்னால் கேட்பார்கள்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் நாங்கள் அந்த அளவுக்கு முன்னேறவில்லை. இரும்புச் சத்து மாத்திரையை வாங்கிக்கொள்வார்கள், மலம் கறுப்பாகப் போனதும் பயந்து நிறுத்திவிடுவார்கள். நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகும் என்று மாமியார் சோற்றைக் குறைக்கச் சொல்வார். இதையெல்லாம் துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவும் கூட உட்கார்ந்து பேசினால் எடுபடும். அவருக்கோ குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கை முடிக்கும் நெருக்கடி. காசு ஒரே திட்டத்திலிருந்து வந்தாலும் அவரும் எங்கள் பணியாளரும் வேறு வேறு துறை ஆட்களாகவே இருந்தார்கள்.

கடும் ஊட்டச்சத்துக் குறைவு கணிசமாகக் குறைந்ததாகப் பின்னால் வந்த மதிப்பீடுகள் சொல்லின. அதில் சத்துணவுக்கும் மற்ற மாற்றங்களுக்கும் பங்கு இருக்கும். ஆனால் கோடு படுத்த மாதத்திலேயே பிள்ளையைப் பிடித்தோம் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

முதல் கட்டம் 1989இல் முடிந்தது, இரண்டாவது 1997 வரை போனது, அப்புறம் எல்லாம் அங்கன்வாடிக்குள் வந்துவிட்டது. இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சத்துமாவு பாக்கெட்டாக வீட்டுக்கே போகிறது. தாய்க்குச் சௌகரியம்தான், ஆனால் அந்த மாவு வீட்டில் எத்தனை பேருக்குக் கஞ்சியாகிறது என்று போய்ப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் அங்கன்வாடிப் பணியாளர்தான், முன்பருவக் கல்வி, சமையல், பதிவேடு, கைபேசியில் பதிவேற்றம் எல்லாம் அவர் தலையில். வீடு வீடாகப் போக ஒரு கூடுதல் பணியாளரை மையத்துக்கு மையம் போடுவதற்கு எந்த வங்கியிடமும் கடன் கேட்க வேண்டியதில்லை, மாநிலப் பட்ஜெட்டிலேயே செய்யலாம், செய்யவேண்டும்.