வட்டாரம் அமைப்பது எளிது, அளப்பதுதான் வேலை

டெக்சாஸில் நிலத்தடி நீர் பாதுகாப்பு வட்டாரம் ஒன்றைக் கேட்டு மனுப் போட 50 நில உரிமையாளர்களின் கையெழுத்து போதும். இது நம்மூர் வருவாய் மாவட்டம் போன்றதல்ல. நீருக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட 5 முதல் 11 இயக்குநர்கள் நடத்தும் அமைப்பு. மனு போகாமல் சட்டமன்றத்தில் தனி மசோதாவாக வந்த வட்டாரங்களே அதிகம். பிறகு உள்ளூர் வாக்காளர்கள் உறுதிப்படுத்த வேண்டும். முதல் வட்டாரம் லப்பக் நகரை மையமாக வைத்து 1951இல் வந்தது.

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு? 1904இல் வந்த நீதிமன்றத் தீர்ப்பின்படி, தன் நிலத்தில் எவ்வளவு இறைத்தாலும், பக்கத்துக் கிணறு வற்றினாலும், பெரும்பாலும் கேள்வி இல்லை. அதற்குக் கடிவாளம் போடும் அதிகாரம் பெரும்பாலும் வட்டாரத்துக்கே. அதையும் கண்மூடித்தனமாகப் போட முடியாது. நிலத்தடி நீர் நிலக்காரரின் சொத்து என்று 2012இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அனுமதியை மறுத்தால் இழப்பீட்டு வழக்கு வரலாம்.

முதலில் இடறுவது பணத்தில். பொதுச் சட்டப்படி, விவசாயத்துக்கு எடுக்கும் நீருக்கு ஏக்கர்-அடிக்கு (சுமார் 12.33 லட்சம் லிட்டர்) 1 டாலரும், மற்ற பயன்பாட்டுக்கு 10 டாலரும்தான் உச்சவரம்பு. விவசாயிகள் 5,000 ஏக்கர்-அடி இறைத்தால் வருவது 5,000 டாலர். ஓர் ஊழியரின் வண்டிச் செலவுக்கே அது காணாது. சொத்து வரி வேண்டும் என்றால் வாக்காளர் சம்மதம் வேண்டும். 10 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் வீட்டுக்கும் கால்நடைக்கும் போட்ட, நாளைக்கு 25,000 கேலனுக்கு மேல் தர முடியாத போர்வெல்லுக்கு அனுமதியே தேவையில்லை. ஒரு நாளின் 1,440 நிமிடத்தால் அதை வகுத்தால் நிமிடத்துக்கு 17.36 கேலன். மோட்டார் அதற்கு மேல் தரக் கூடாது. சின்ன மோட்டார் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கோடையில் பெரியதை இறக்குவது வழக்கமான தில்லுமுல்லு.

ஆனால் வட்டாரத்தின் உயிர் நீர்மட்டப் பதிவில் இருக்கிறது. பாசன மோட்டார்கள் ஓயும் குளிர்காலத்தில் அளக்க வேண்டும். இரும்பு டேப்பின் கடைசிச் சில அடிகளில் நீல சாக்பீஸ் பொடி தடவி, கேசிங் (கிணற்றுக்குள் இறக்கிய குழாய்) வாயில் குறித்த புள்ளியிலிருந்து இறக்குகிறோம். புள்ளியில் 180 அடி நிற்க, பொடி 6.42 அடி வரை நனைந்திருந்தால் நீர் 173.58 அடியில் இருக்கிறது. மறுபடியும் இறக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு அளவும் 0.02 அடிக்குள் ஒத்துவராவிட்டால் மோட்டார் நின்று நேரமாகாமல், மட்டம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கலாம். டர்பைன் பம்பின் எண்ணெய் நீர்மேல் படர்ந்திருந்தால் பொடிக் கோடு குழம்பும். மேலடுக்கிலிருந்து கிணற்றுக்குள் கசியும் நீர் டேப்பையே நனைத்துவிடும். அந்த அளவைக் குறிப்போடு ஒதுக்கிவைப்பதே நேர்மை.

எல்லைப் பிரச்சினையும் உண்டு. நீர்த்தாங்கிக்கு (நிலத்தடியில் நீரைத் தேக்கி வைத்திருக்கும் அடுக்கு) கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) எல்லை தெரியாது. இந்தப் பக்கம் கிணறுகளுக்கு இடைவெளி விதி போட்டால், வட்டாரமே இல்லாத அடுத்த கவுண்டியில் கோட்டை ஒட்டித் துளை போடுவார்கள். மாநிலம் 16 மேலாண்மைப் பகுதிகளாக ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பகுதியிலும் உள்ள வட்டாரங்கள் கூடி வருங்கால நீர்மட்ட இலக்கை முடிவுசெய்ய வேண்டும் என்று 2005இல் சட்டம் வந்தது. 50 ஆண்டில் சராசரியாக இத்தனை அடிக்கு மேல் மட்டம் இறங்கக் கூடாது என்பது போன்ற இலக்கு அது.

அதைச் சரிபார்க்கக் கையில் இருப்பது பழைய டேப் அளவுகள்தான். கிணற்றுக்காரர் கேசிங்கை அரை அடி அறுத்துவிட்டுச் சொல்லாமல் இருந்தால், பதிவேட்டில் நீர்மட்டம் அரை அடி ஏறியிருக்கும்.