புதுக்கடைக்கு ஒரு விண்ணப்பம்

பல்கலைக்கழகத்தின் முதலாம் வருடத்தில் நான்கு பாடங்களில் தவறி, பெறுபேற்றுத் தாளை எட்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தில் வாவி இருளும் வரை நின்றவன் நான். விரிவுரைகளுக்குப் போகாமல் விடுதியில் படுத்துக் கிடந்ததற்கு வேறெவரையும் குறைசொல்ல இயலாது. மீள்பரீட்சைகளை எழுதி முடித்து, மூன்றாம் வருடத்திலேயே ஒருவாறு நிமிர்ந்தேன்.

இன்று கொழும்பு புதுக்கடையிலுள்ள இலங்கைச் சட்டக்கல்லூரியின் நுழைவுப் பரீட்சைக்கு விண்ணப்பித்துள்ளேன். உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தியும், சாதாரண தரத்தில் ஆங்கிலத்திலும் தமிழ் அல்லது சிங்களத்திலும் திறமைச் சித்தியும் உள்ள ஒருவரிடம் அக்கல்லூரி பட்டப்படிப்பின் புள்ளிகளைக் கேட்பதில்லை என்பதை, இரண்டு வருடங்களை வீணே அஞ்சிக் கழித்த பின்னரே அறிந்தேன். (வர்த்தமானி அறிவித்தலை ஒருமுறை ஒழுங்காக வாசித்திருந்தால் போதும். சட்டம் படிக்க விரும்புபவனின் இலட்சணம் இது!) மொழி, பொது அறிவு, நுண்ணறிவு ஆகியவற்றில் பெறும் புள்ளிகளே தீர்மானிக்கும். மூன்று வருடப் படிப்பும் ஆறு மாதத் தொழிற்பயிற்சியும் அதற்குப் பின்னர்தான்.

நேற்றிரவு சான்றிதழ்களை அடுக்கியபோது, மடிப்புகளில் கிழிந்த அந்தப் பழைய தாளும் கோவையிலிருந்து விழுந்தது. அம்மா அதை எடுத்து நீவிவிட்டு, “இதையும் அனுப்பவேணுமா மனே?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் அதை மறுபடியும் கோவைக்குள்ளேயே வைத்தார்.