அலாஸ்கா தீபகற்பத்தில் கரடி வேட்டை: மே மாதத்துக்கான ஏற்பாடுகள்

அலாஸ்காவில் பழுப்புக் கரடியை வேட்டையாட வெளிமாநிலத்துக்காரர் தனியாகப் போக முடியாது. உரிமம் பெற்ற கைடு ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அங்கேயே குடியிருக்கும் நெருங்கிய உறவினர் உடன் வந்தால் மட்டும் விலக்கு உண்டு. எனக்கு அங்கே உறவென்று யாரும் இல்லை. ஆகவே முதல் வேலை, நல்ல கைடைத் தேடிப் பிடிப்பது.

போகப்போவது அலாஸ்கா தீபகற்பம். ஒரு பக்கம் பெரிங் கடல், மறுபக்கம் பசிபிக், நடுவில் எரிமலைத் தொடர். ஆறுகளில் ஏறிவரும் சால்மன் மீன்களைத் தின்று கொழுப்பதால்தான் இங்குள்ள கரடிகள் இவ்வளவு பெரிதாகின்றன. ப்ரூக்ஸ் அருவியில் மீன் பிடிக்கும் கரடிகளைப் பலரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அந்த இடம் கட்மாய் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, அங்கே வேட்டைக்கு அனுமதியே இல்லை. பூங்காவுக்கு வெளியே, தீபகற்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. ஒற்றைப்படை ஆண்டுகளில் அக்டோபரிலும், அதையடுத்து வரும் இரட்டைப்படை ஆண்டின் மே மாதத்திலும்தான் வேட்டை. அப்புறம் அடுத்த ஆண்டு அக்டோபர் வரை கரடிகளுக்கு முழு ஓய்வு. ஒருவர் ஒரு கரடியைச் சுட்டுவிட்டால் நான்கு வேட்டை ஆண்டுகளுக்கு அங்கே இன்னொன்றைச் சுட முடியாது.

அக்டோபரை விட்டு மே மாதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. குளிர்காலத் தூக்கம் முடிந்து குகையிலிருந்து முதலில் வெளியே வருபவை பெரிய ஆண் கரடிகள். புதிதாகக் குட்டி போட்ட தாய்கள் கடைசியில்தான் வரும். மேயில் இரவு பத்து மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், மலைச்சரிவுகளில் ஆல்டர் புதர்கள் இன்னும் இலைவிட்டிருக்காது. மணிக்கணக்காகப் பைனாகுலரில் பார்த்து, எது ஆண், எது பெண் என்று நிதானமாக முடிவு செய்யலாம். குட்டியையோ, குட்டியுடன் இருக்கும் தாயையோ சுடுவது சட்டப்படி குற்றம். சட்டம் அங்கே நின்றுவிடுகிறது. குட்டியில்லாத பெண் கரடியையும் சுடக் கூடாது என்பது என் சொந்தக் கட்டுப்பாடு. பெண் கரடி முதல் ஈற்றுக்கே பல வருடங்கள் எடுத்துக்கொள்ளும், ஒவ்வோர் ஈற்றுக்கும் நடுவிலும் வருடங்கள் போகும். ஒன்றை இழந்தால் அந்தப் பள்ளத்தாக்கு அதை ஈடுகட்ட வெகுகாலம் ஆகும்.

கைடுகளிடம் பேசியபோது இதைத்தான் முதலில் சொன்னேன். ஒருவர், "கவலைப்படாதீர்கள், கரடி நிச்சயம்" என்றார். அவரை அதோடு விட்டுவிட்டேன். இன்னொருவர் என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஈரத் தரையில் முட்டளவு பூட்ஸோடு எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? மூச்சு வாங்கும்போது உட்கார்ந்து சுட்டுப் பழகியிருக்கிறீர்களா? நூற்றைம்பது கஜத்துக்குள் போகும்வரை பொறுப்பீர்களா? ஆண் கரடியை அடையாளம் காண்பது பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பெரிய ஆணுக்குத் தலை அகன்றிருப்பதால் காதுகள் சிறுத்து, ஒன்றுக்கொன்று தள்ளித் தெரியும். நடக்கும்போது முன்னங்கால்களை அகட்டி ஆடி ஆடி நடக்கும். தனியாகத் தெரியும் கரடியையும் நெடுநேரம் பார்த்த பிறகே நெருங்க வேண்டும், குட்டி பின்தங்கி வரலாம் என்றார். அவரிடமே முன்பணம் கட்டினேன்.

செலவை மறைப்பதற்கில்லை. கைடு கட்டணம் 25,000 டாலருக்கு மேல். அதற்கு மேல் வெளிமாநிலத்தவருக்கான வேட்டை உரிமம் 160 டாலர், கரடி டேக் (ஒரு கரடியைச் சுடுவதற்கான அனுமதி வில்லை) 1,000 டாலர். அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்கு இவை 630, 1,300 ஆகும்.

ஏன் சுட வேண்டும், படம் எடுத்தால் போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மான் வேட்டைக்குப் போகிறவன், வீட்டில் இறைச்சி பெரும்பாலும் அதுதான். கரடி விஷயத்தில் என்னை உறுத்தியது ஒன்றே ஒன்று. அங்கே தோலையும் மண்டையோட்டையும் கட்டாயம் கொண்டுவர வேண்டும், இறைச்சியை விட்டுவரலாம். சட்டம் அனுமதித்தாலும் மனம் ஒப்பவில்லை. முதுகுக் கறியையும் தொடைக் கறியையும் எடுத்து வருவோம் என்று கைடிடம் கேட்டு ஒப்பந்தத்தில் எழுத வைத்தேன். விமானத்தில் கூடுதல் எடைக்குத் தனிக் கட்டணம், பரவாயில்லை. கரடி இறைச்சியில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். வடதுருவப் பகுதி வகை ஃப்ரீசரில் வைத்தாலும் சாகாது. நன்றாக வேகவைத்தே தீர வேண்டும்.

பயண வழி: ஆங்கரேஜ், அங்கிருந்து கிங் சால்மன், பிறகு பெரிய டயர் வைத்த குட்டி விமானத்தில் ஆற்றுமணலில் இறங்குவது. விமானத்தில் வந்திறங்கிய அன்றே வேட்டையாடக் கூடாது, மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகே. மேலிருந்து கரடியைப் பார்த்துவிட்டு இறங்கிச் சுடுவதைத் தடுக்கும் விதி இது. இரண்டு கடல்களுக்கு நடுவே காற்று சுழன்றடிக்கும் இடம் என்பதால், விமானம் வராமல் நாள் கணக்கில் கூடாரத்தில் அடைந்து கிடக்க நேரலாம். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுத்திருக்கிறேன். பருத்தித் துணி எதுவும் எடுத்துப் போகவில்லை, எல்லாம் கம்பளிதான். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றும், அவசர மருத்துவ விமானக் காப்பீடும் எடுத்தாயிற்று.

ரைஃபிள் .375 ஹெச் அண்ட் ஹெச், பெரிய விலங்குகளுக்கான தோட்டா வகை. பயிற்சிக் களத்தில் மேசையை விட்டு எழுந்து, கொஞ்சம் ஓடிவிட்டு, முழங்காலிட்டுச் சுடுகிறேன். நூறு கஜத்தில் தோட்டாக்கள் இன்னும் நான் நினைக்கும் அளவு நெருக்கமாக விழவில்லை. கைடின் ஒப்பந்தப்படி காயம்பட்டுத் தப்பிய கரடியும் என் கணக்கில்தான் சேரும், அத்தோடு வேட்டை முடிந்தது. அந்த நிபந்தனையைப் படித்த பிறகு வாரத்துக்கு இன்னொரு நாளும் களத்துக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன்.