பெர்லின் ஐடி வேலை: எங்கே தாராளம், எங்கே கறார்

பெர்லினில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குள் நுழைந்தால் எல்லாமே தாராளமாகத் தெரியும். மேலாளர் சைக்கிளில் வருவார், அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், யாருடைய நாயோ மேசைக்கடியில் தூங்கிக்கொண்டிருக்கும். ஓஎம்ஆரில் கழுத்தில் அடையாள அட்டையோடு திரிந்தவர்களுக்கு இதைப் பார்த்தால் விதிகளே இல்லாத இடம் என்று தோன்றும். விதிகள் இருக்கின்றன, நாம் எதிர்பார்க்கிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இன்டர்வியூவையே எடுத்துக்கொள்வோம். முதலில் ஹெச்ஆர் பேசுவார். அப்புறம் வீட்டிலிருந்து செய்து அனுப்ப ஒரு சின்ன வேலை தருவார்கள், அல்லது அவர்களுடைய எஞ்சினியர் ஒருவரோடு உட்கார்ந்து புரோகிராம் எழுதச் சொல்வார்கள். கடைசியில் சிஸ்டம் டிசைன், அதாவது ஒரு மென்பொருளை மொத்தமாக எப்படிக் கட்டுவீர்கள் என்ற கேள்வி. இப்போது கேள்வி கேட்கிற பக்கம் நானும் உட்காருகிறேன். எங்கள் டீமில் வழக்கமாகக் கேட்பது இது: பள்ளிகளுக்கான ஒரு முன்பதிவு சேவையை வடிவமைக்க வேண்டும். நம் ஊர்ப் பையன்கள் பலர் கேள்வி முடிவதற்குள் காஃப்கா, குபர்னெட்டிஸ், மூன்று வகை கேஷ் (cache) என்று பெருங்கூட்டத்தைச் சமாளிக்கும் கருவிகளின் பெயர்களால் பலகையை நிரப்பிவிடுவார்கள். அத்தனையும் சரியாகவே தெரிந்திருக்கும். ஆனால் "ஒரு நாளைக்கு எத்தனை பேர் பயன்படுத்துவார்கள்?" என்று கேட்பவர் குறைவு. கேட்டால் நாங்கள் சொல்லும் பதில், "சில நூறு பேர்." அதற்கு ஒரே ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் போதும். அப்படிச் சொல்லிவிட்டு, கூட்டம் பெருகினால் எது முதலில் திணறும் என்று பேசுகிறவருக்குத்தான் என் ஓட்டு.

வேலை கிடைக்கவில்லை என்றால் காரணம் மட்டும் வராது. "வேறொருவரைத் தேர்ந்தெடுத்தோம், வாழ்த்துகள்" என்று வழவழவென்று ஒரு மின்னஞ்சல் வரும், அதோடு சரி. கோபம் வரத்தான் செய்யும். இதற்குப் பின்னால் 2006-இல் வந்த சமத்துவச் சட்டம் இருக்கிறது. வயது, இனம், மதம் போன்றவற்றைக் காட்டி ஒதுக்கினார்கள் என்று விண்ணப்பித்தவர் நஷ்டஈடு கேட்கலாம். அதனால் எதை எழுதினால் வம்போ என்று கம்பெனிகள் வாயே திறப்பதில்லை. இன்டர்வியூ குறிப்பில் உச்சரிப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று எங்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

சம்பளம் கேட்கும்போது வரிக்கு முந்தைய ஆண்டுத் தொகையைச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 60,000 யூரோ என்றதும் உடனே ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்காதீர்கள். தனி ஆளுக்கு வரியும் காப்பீடும் போக மாதம் 3,000-க்குச் சற்று மேலேதான் கைக்கு வரும். கல்யாணம் ஆகியிருந்தாலும் மனைவி மதுரையில் இருக்கும்வரை நீங்கள் தனி ஆளுக்கான முதல் வரி வகுப்புதான். அவர் இங்கே வந்து முகவரியைப் பதிந்த பிறகுதான், மாதாமாதம் வரி குறைவாகப் பிடிக்கும் மூன்றாம் வகுப்புக்கு மாறும் பேச்சு.

சேர்ந்த பிறகு முதல் ஆறு மாதம் பெரும்பாலும் சோதனைக் காலம். அதற்குள் இரண்டு வார நோட்டீஸில் அவர்களும் அனுப்பலாம், நீங்களும் கிளம்பலாம். எஞ்சினியர்கள் பலர் வருவது ப்ளூ கார்டில், அதாவது திறன் பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்கள் இங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதியில். முதல் ஓராண்டுக்குள் கம்பெனி மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். நாய்க்கு இடம் கொடுக்கிற கம்பெனிதான் என்று இந்த ஆறு மாதத்தை அசட்டையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுபக்கம், உடம்பு சரியில்லை என்றால் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஒரு நோய்க்கு ஆறு வாரம் வரை முழுச் சம்பளமும் கம்பெனியே தரும். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நான்கு வாரத்தில் இது கிடையாது. விடுமுறையில் காய்ச்சல் வந்து டாக்டர் சான்று வாங்கினால் அந்த நாட்கள் விடுமுறைக் கணக்கிலிருந்து கழியாது. புதிதாக வந்த கோயம்புத்தூர் தம்பி ஒருவரிடம் சொன்னேன். "சும்மா கதை விடாதீங்கண்ணா" என்றார். கடைசியில் ஹெச்ஆரிடமே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

அதே தம்பி வேறு கம்பெனிக்குப் போக முடிவு செய்தபோது ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பினார். "செல்லாது, காகிதத்தில் அச்சிட்டுப் பேனாவால் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வாருங்கள்" என்று பதில் வந்தது. கம்பெனி விற்பதோ காகிதமே வேண்டாம் என்கிற மென்பொருள்! ஆனால் வேலையை விடுவதும் வேலையிலிருந்து நீக்குவதும் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது ஜெர்மன் சிவில் சட்டத்தின் 623-ஆம் பிரிவு. மின்னணு வடிவம் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. அண்ணனும் தம்பியுமாகப் பிரிண்டர் தேடி அலைந்தோம்.

சென்னையிலிருந்து விண்ணப்பிக்கிறவர்கள் 90 நாள் நோட்டீஸை வெளியில் சொல்லவே தயங்குகிறார்கள். முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். இங்கேயும் பல ஒப்பந்தங்களில் மூன்று மாதம்தான், அதைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை.