கவிழ்த்து வைத்த போன்

இன்று மதியம் என் நண்பர்கள் இருவர் ஐபோனா ஆண்ட்ராய்டா என்று சண்டை போட்டு, முகம் கொடுத்துப் பேசாமலேயே எழுந்து போனார்கள்.

"உங்க ஆளுங்க", "எங்க ஆளுங்க" என்றுதான் பேச்சே. அந்தக் கம்பெனிகளில் இருவருக்கும் வேலையும் இல்லை, பங்கும் இல்லை.

மேஜைமேல் ஒரு ஐபோன் கவிழ்ந்து கிடந்தது. பல ஐபோன்களின் திரை சாம்சங் செய்து கொடுப்பது. ஐபோனின் பிரவுசரான சஃபாரியில் எதையாவது தேடினால் அது வழக்கமாகப் போவது ஆண்ட்ராய்டை உருவாக்கும் கூகுளுக்கு. அந்த இடத்துக்காக 2022இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர். அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்த கணக்கு.

1997இல் ஆப்பிள் தள்ளாடியபோது 15 கோடி டாலர் போட்டது அதன் போட்டிக் கம்பெனியான மைக்ரோசாஃப்ட். அதை அறிவித்த கூட்டத்தில் மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸ் முகம் திரையில் வந்ததும் ஆப்பிள் ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். மேடையில் நின்றுகொண்டிருந்தவர் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ்.

விமர்சனமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பேட்டரி பழசான போன்களின் வேகத்தைக் குறைப்பதை 2017இல் ஆப்பிள் ஒப்புக்கொண்டது, பயனர்கள் விடாமல் சோதித்துப் பார்த்ததால்தான். அந்த மாதிரி கேள்வி கேட்கும் மூளை இவர்கள் இருவருக்கும் இருக்கிறது. அதுதான் எனக்கு வருத்தம்.

சாயங்காலம் இருவருக்கும் போன் செய்தேன். ஒருத்தன் எடுத்தான். இன்னொருத்தன் இன்னும் எடுக்கவில்லை.