கையுறையோடு நூபுர கங்கைக்கு

மார்கழியில் அழகர்மலைத் தீர்த்தமான நூபுர கங்கையில் நீராடவேண்டும், என்னையும் அழைத்துக்கொண்டுதான் போகவேண்டும் என்பது அத்தையின் மூன்று வருட வேண்டுதல். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது நான்தான். காரணம் என் விரல்கள்.

மதுரையில் என்ன குளிர் என்று கேட்பார்கள். மார்கழி விடியலில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். எனக்கு அதுவே போதும். பால் பாக்கெட்டைத் தொட்டால் மோதிர விரல் நுனி சுண்ணாம்பு தடவியதுபோல வெளுத்து மரத்துப்போகும். பிறகு நீலம் பாரிக்கும். இரத்தம் திரும்பும்போது சிவந்து, விண்விண்ணென்று தெறிக்கும். 1862-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ரேனோவின் பெயரே நோய்க்கும். குளிர் பட்டதும் விரலின் சிறு தமனிகள் அளவு மீறிச் சுருங்கிக்கொள்கின்றன. தைராய்டு, இரத்தசோகை எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: “கையை மட்டும் போர்த்திப் பயனில்லை. நடுக்கம் வருமுன்பே உடம்பு முழுவதும் கதகதப்பாக இருக்கவேண்டும்.”

ஆகவே ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், கையுறை எல்லாம் வீட்டிலேயே ஏறிவிட்டன. பஸ்ஸில் ஜன்னலோரத்தை அத்தைக்கு விட்டேன். அழகர்கோவிலுக்கு 21 கிலோமீட்டர். பதினெட்டாம்படிக் கருப்பணசாமியின் கதவைத் தொழுது, வேனில் மலையேறி, பழமுதிர்சோலை முருகனைத் தரிசித்துவிட்டு, நூபுர கங்கை இருக்கும் ராக்காயி அம்மன் கோயிலுக்கு வந்தோம்.

உலகளந்த பெருமாள் தூக்கிய திருவடியைப் பிரம்மன் கழுவியபோது சிலம்பில் பட்டுத் தெறித்த நீர் இது என்பார்கள். நூபுரம் என்றால் சிலம்பு, அதனால்தான் சிலம்பாறு என்றும் பெயர். அழகருக்கு இந்தத் தீர்த்தத்தில்தான் திருமஞ்சனம். வேறு நீர் பட்டால் உற்சவர் திருமேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. அவர் நீராடும் நீரில் நனைய யாருக்குத்தான் ஆசை இருக்காது? அத்தை தலை நனைய நின்று, “வாம்மா, சில்லென்று சுகமாக இருக்கிறது” என்றார். எனக்கு அழுகை முட்டியது. எழுபது வயதுக்காரர் அங்கே நிற்கிறார், நான் ஈரம் படாத படியில் நிற்கிறேன்.

பக்கத்தில் நின்ற பெரியவர் என் கையுறையைப் பார்த்துவிட்டு, “தலையில் தெளித்துக்கொள் தாயி, அதுவும் ஸ்நானம்தான்” என்றார். இடக்கை உறையைக் கழற்றி உள்ளங்கையில் ஏந்தினேன். தலையில் மூன்று முறை தெளித்தேன். அதற்குள் இரண்டு விரல் நுனி வெளுத்துவிட்டது. கையைத் துடைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டேன். அத்தை பதறிப்போய்ச் சூடான டீத் தம்ளரை நீட்டினார், வேண்டாம் என்றேன். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளித்துவிடும். உடம்புச் சூட்டிலேயே சிறிது நேரத்தில் சிவப்பு திரும்பியது.

கீழே வந்து அழகரைக் கண்குளிரச் சேவித்தோம். மிளகும் சுக்கும் மணக்கும் பிரசாத தோசை, நெய் கசிய, கையுறை இல்லாமலே பிடிக்கும் இளஞ்சூட்டில் இருந்தது.

அத்தை ஒரு பாட்டிலில் தீர்த்தம் பிடித்திருந்தார். பூஜைக்கு என்று நினைத்தேன். மறுநாள் விடியலில் குளியலறைக் கதவைத் தட்டி, வெந்நீர் வாளியில் அதைக் கலந்து, விரலை விட்டுச் சூடு பார்த்து, “அழகா” என்று சொல்லி அவரே என் தலையில் ஊற்றினார்.